மூன்று பத்துக்கு எடுத்த பால்

சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ஒயரைச் சுருட்டிப் பின்பக்க ஆணியில் மாட்டிய பிறகும் அவன் ஃப்ரிட்ஜின் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். ஏழு மாதமாக இரவும் பகலும் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த பெட்டி அது. ஒரு நிமிடம் நிறுத்தி மூச்சு வாங்கியதில்லை. இப்போது அது அடங்கியதும் சமையலறைக் குழாய் சொட்டுவதும், மாடிப்படியில் யாரோ செருப்பை இழுத்து நடப்பதும் கேட்டன. அவனுக்கு அந்த உறுமல் நின்றது பிடிக்கவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தவரை எல்லாம் கெட்டிப்பட்டு, இருந்த இடத்தில் இருந்தது.

கீழ்த்தட்டுகளில் இருந்த காய்கறி, தண்ணீர் பாட்டில்கள், பாதி எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் எடுத்து வாளியில் வைத்தாயிற்று. பழைய போர்வையை நாலாக மடித்துத் தரையில் விரித்தாயிற்று. மிச்சம் இருந்தது மேலே உள்ள ஃப்ரீசர்தான். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதற்குள் மேல்பக்கம் ஒரு சின்ன உள்கதவு, அதற்குப் பின்னால் ஃப்ரீசர். அந்த உள்கதவே இப்போது கண்ணில் படவில்லை. ஐஸ் உள்ளிருந்து வளர்ந்து வெளியே வந்து, கதவின் நாலு ஓரத்தையும் மூடி, வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பெரிய கதவு முழுசாகச் சாத்தாமல் ஒரு விரல் இடைவெளி விட்டது. அதன் வழியே கசிந்த தண்ணீரில்தான் போன வாரம் மனைவியின் அக்கா சறுக்கி விழப் பார்த்தாள்.

அந்த அக்காவுக்கு அவன் மனதுக்குள் வைத்திருந்த பெயர் மேஸ்திரி. யார் வீட்டுக்குப் போனாலும் இடுப்பில் கைவைத்து நின்று நாலு வேலை சொல்லாமல் கிளம்பமாட்டாள். சொல்வதெல்லாம் சரியாக இருக்கும்; அதுதான் எரிச்சல். அன்றைக்குச் சறுக்கியவள், சுவரைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு, ஃப்ரீசரை அண்ணாந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கே குரல் இறங்கிவிட்டது. தங்கை குளியலறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னாள்.

"தம்பி, இன்னும் எத்தன நாளைக்கு இத இப்பிடியே வச்சிருப்பீங்க? சனிக்கிழமை அவ கடைக்குப் போயிடுவா. நீங்க லீவுதான? அவ வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. உள்ள இருக்கறத அவ கண்ணுல காட்ட வேண்டாம்."

"சரிக்கா."

"கத்தி வச்சுக் குத்துங்க, பெயர்ந்து வந்துடும்."

"குத்தினா கேஸ் பைப் ஓட்டையாயிடும்க்கா."

"அப்ப சுடுதண்ணி வைங்க. ஏதோ ஒண்ணு செய்ங்க."

அந்த ஏதோ ஒன்றைத்தான் அவன் ஏழு மாதமாகத் தள்ளிப்போட்டு வந்தான். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எங்கே கோளாறு என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவன் சோறு. அடுத்தவன் கட்டடத்தில் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்ட பெட்டியைப் பார்த்து, எந்த ரிலே சுவிட்ச் தேய்ந்தது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவான். தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் எட்டிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ஏற்றி இறக்குகிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்து மூன்றாம் மாடி என்று நண்பர்கள் கிண்டலடிப்பார்கள். அந்தக் கிண்டலுக்கு முன்பெல்லாம் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

உள்ளே இருந்தது தாய்ப்பால்.

குழந்தை பன்னிரண்டு வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பெண். சுண்டுவிரல் பருமனில் கால் இருந்ததால் இவர்கள் வைத்த செல்லப்பெயர் சுண்டு. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண்ணாடிப் பெட்டி நம்பர் ஏழு. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஊசிக் குழலில் அளந்து, கொஞ்சூண்டு பால். பக்கத்தில் படுக்க வைத்துக் கொடுக்க முடியாத தாய், வீட்டில் இருந்தபடி மிஷின் வைத்துப் பாலை எடுத்துச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்தாள். அவளுக்குப் பால் எளிதில் சுரக்கவில்லை. ஒரு பை நிறைய நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். விடிகாலை மூன்று மணிக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எடுப்பாள். ஒரு நாளைக்கு இரண்டு பை தேறினால் அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

அவள் மருந்துக்கடையில் சரக்கு அடுக்குகிறவள். முதலில் வந்தது முதலில் போகவேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பையிலும் தேதி, மணி, அழியாத மை. பையைக் காற்றில்லாமல் மூடித் தட்டில் படுக்கவைத்து உறையவிடுவாள். உறைந்ததும் அது பலகை மாதிரி ஆகிவிடும். பிறகு தேதிவாரியாக, பழையது முன்னால், புதியது பின்னால். அந்தச் சின்ன ஃப்ரீசரைப் பார்த்தால் யாரோ மெல்லிய நோட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்தது போல இருக்கும். தினம் காலையில் முன்னால் இருப்பதை எடுத்து, ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே நீலப் பெட்டியில் வைத்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. அப்பன் என்று அந்த முப்பத்திரண்டு நாளில் அவன் செய்த ஒரே வேலை.

அந்த ஒரு வேலையிலும் ஒரு நாள் பிசகினான்.

இருபத்தெட்டாம் தேதி. முன்னால் இருந்த பையை எடுத்தான்: பதினாலு, மூணு பத்து. பதினான்காம் தேதி விடிகாலை மூன்று பத்துக்கு எடுத்த பால். பாதி வழியில் கம்பெனியில் இருந்து அழைப்பு; ஒரு குடியிருப்பில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்துகிறாள். கர்ப்பிணி என்று கேட்டதும் வண்டியைத் திருப்பிவிட்டான். அரைமணி நேரத்தில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு மணி நேரம் இழுத்தது. நீலப் பெட்டி வண்டியின் முன்பக்கம், வெட்டவெளி வெயிலில் நின்றது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெட்டியைத் திறந்து பையை அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், இது முழுசா உருகிடுச்சு. வாங்க முடியாது, கொட்டிடுங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். நேற்றைய பாலே மிச்சம் இருக்கிறது, இன்றைக்குச் சமாளித்துக்கொள்வோம் என்றும் சொன்னாள்.

கொட்டியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலிலேயே வாஷ்பேசின் இருந்தது. அதன் முன்னால் போய் நின்றான். மூணு பத்து என்ற அவள் கையெழுத்தைப் பார்த்தான். கொட்ட மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவள் பல நாள் கழித்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பையை ஃப்ரீசரில் ஓர் ஓரமாக நிறுத்தி வைத்தான். நாளைக்கு அவள் பார்க்காதபோது கொட்டிவிடலாம். எழுந்ததும் அவள் கேட்டாள், "குடுத்துட்டீங்களா?" குடுத்துட்டேன் என்றான். அவ்வளவுதான் பொய். எலிக்குட்டி அளவு.

மறுநாள் அடுத்தடுத்து வேலை, மறந்துவிட்டான். முப்பதாம் தேதி காலை அவன் குளித்துவிட்டு வருவதற்குள் அவளே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அவன் திறந்து பார்க்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனான். அன்றிரவு சுண்டுவுக்கு வயிறு உப்பியது. குடலில் கிருமி என்றார்கள். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது. இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு இது வருவதுண்டு, காரணம் தேடாதீர்கள், அதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் அவன் தோளைத் தட்டினார். தேடாதே என்று யாரிடம் சொல்கிறார்?

அன்றிலிருந்து அவனுக்குள் ஓடுவது ஒரே கேள்வி. உருகி மறுபடி உறைந்த அந்தப் பை பெட்டியில் போனதா, ஃப்ரீசரிலேயே இருக்கிறதா? கதவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதனாலேயே திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. இருவரும் கீழ்த்தட்டில் இருந்து தண்ணீர் எடுத்தார்கள், தக்காளி எடுத்தார்கள், தலையை நிமிர்த்தாமல் கதவைச் சாத்தினார்கள். மேலே ஐஸ் தன்பாட்டுக்கு வளர்ந்தது.

சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை நடுத்தட்டில் வைத்தான். மின்விசிறியை இழுத்துவந்து நேராகத் திருப்பி வைத்தான். முதல் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு சொட்டத் தொடங்கியது. வெள்ளையாக இருந்த ஐஸ் மெல்லக் கண்ணாடியாகி, உள்கதவின் நீல ஓரம் தெரிந்தது. தண்ணீரை இரண்டு தடவை மாற்றினான். சும்மா இருக்க முடியாமல் பெரிய கதவின் ரப்பர் மடிப்பில் கறுத்துக் கிடந்த பூஞ்சையைப் பழைய டூத் பிரஷ்ஷில் சோடா உப்பு தொட்டுத் தேய்த்தான். முட்டைத் தட்டைக் கழுவினான். பின்பக்கத் தண்ணீர்த் தட்டில் செத்துக் கிடந்த கரப்பான்பூச்சியை எடுத்துப் போட்டான். கை ஒரு வேலை செய்ய, காது மட்டும் மேலேயே இருந்தது. மதியம் ஒன்றரை மணி சுமாருக்கு ஒரு பெரிய பாளம் பெயர்ந்து போர்வையில் விழுந்தது. உள்கதவு தானாகத் திறந்துகொண்டது.

பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவன் இழுக்கவில்லை, விட்டுக்கொடுக்கும்வரை காத்திருந்தான். ஒவ்வொன்றாக எடுத்து, மேலே படிந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்துப் படித்து, பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தான். இருபத்தாறு, மூணு முப்பது. இருபத்தெட்டு, மாலை ஐந்து. பத்தொன்பது, மூணு நாற்பது. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு, எழுதும்போதே கண் சொருகியிருக்கிறது. அதை இரண்டு தடவை துடைத்தான். எல்லாம் தட்டை, எல்லாம் நேர்விளிம்பு. நிறுத்தி வைத்து உறைந்த பை தட்டையாக இருக்காது. அடி பெருத்து, மேலே ஒடுங்கி, பார்த்த மாத்திரத்தில் தெரியும். மூலையில் கையை விட்டுத் துழாவினான். கடைசி ஐஸ் துண்டும் கரைந்து, ஃப்ரீசரின் அலுமினியச் சுவர் நாலு பக்கமும் தெரிந்தது. முப்பத்து மூன்று பை. பதினாலு, மூணு பத்து இல்லை.

இன்னொரு தடவை எண்ணினான். எண்ணி என்ன, முப்பத்து மூன்று முப்பத்து மூன்றுதான். போர்வையை உதறிப் பார்த்தான். ஐஸ் பாளத்தைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அதற்குள் காற்றுக்குமிழிகள் மட்டும் இருந்தன. ஒருவேளை அவள் பார்த்துவிட்டுக் கொட்டியிருக்கலாம். மருந்துக்கடைக்காரி, கோணலாக உறைந்ததைப் பார்த்தால் தெரியாதா என்ன? கொட்டியிருப்பாள். கொட்டியே இருப்பாள். ஆனால் அதை அவளிடம் கேட்க வேண்டுமென்றால், எதைக் கேட்கிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும். கேட்கப்போவதில்லை என்று தீர்மானித்தான். இதையெல்லாம் கொட்டிக் கழுவிவிட்டு, செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று தொட்டியை சிங்க் பக்கம் நகர்த்தினான்.

அப்போது வாசல் கதவு திறந்தது. அவள்தான். கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மூன்று மாடியும் வேகமாக ஏறி வந்திருக்கிறாள், மூச்சிரைத்தது.

"அக்கா போன் பண்ணினா," என்றாள். "கவலப்படாத, உன் வீட்டுக்காரர் இன்னிக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடுவார்னு சொன்னா."

மேஸ்திரியின் வாயில் எது நிற்கும்? அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"கொட்டிட்டீங்களா?"

"இல்ல."

அவள் தரையிலேயே, நனைந்த போர்வையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தொட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று அவன் பயந்தான். அவள் அழவில்லை. பைகளை எடுத்துத் தேதிவாரியாக அடுக்கத் தொடங்கினாள். கொட்டப்போகிற பாலை எதற்கு அடுக்குகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. கடையில் அவள் கை எப்படி ஓடுமோ அப்படி ஓடியது. பழையது முன்னால், புதியது பின்னால். அவனும் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து நீட்டினான். அந்தக் குழந்தைக்காக இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எதுவுமே செய்ததில்லை; அவள் எடுத்தாள், அவன் சுமந்தான். இதுதான் முதல் தடவை.

அடுக்கி முடித்து, முன்னால் இருந்த பையின் மேல் விரல் வைத்தாள்.

"பதினஞ்சுல ஆரம்பிக்குது," என்றாள்.

"ம்."

"பதினாலு, மூணு பத்து. அதத்தான் கடைசியா நான் பெட்டில வச்சேன்."

அவன் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தான்.

"அது கோணலா இருந்துச்சுங்க. கொழுக்கட்டையா, ஒரு பக்கம் வீங்கி. எடுத்ததுமே தெரிஞ்சுது எனக்கு, இது உருகி மறுபடி உறைஞ்சதுன்னு. தினம் கடைல அதான பாக்கறேன், தெரியாதா? முந்தின நாள் ராத்திரி எந்திரிச்சுப் பால் எடுத்து உள்ள வச்சேன். தூக்கக் கலக்கத்துல இந்த உள்கதவச் சரியாச் சாத்தாம விட்டுட்டேன் போல. என் தப்பு. கொட்டணும்னுதான் சிங்க்குக்கு எடுத்துட்டுப் போனேன்."

நிறுத்தினாள். வெளியே யாரோ படியில் எதையோ உருட்டிக்கொண்டு போனார்கள்.

"மனசு வரல. நாப்பது நிமிஷம் ஒக்காந்து எடுத்தது. பழசுதான் முதல்ல போகணும்னு வேற ஒரு புத்தி. ஒண்ணும் ஆகாதுன்னு வச்சிட்டேன். உங்ககிட்ட சொல்லல. நீங்க பாவம், ஒண்ணும் தெரியாம தூக்கிட்டுப் போனீங்க."

அவள் கை நீண்டு வந்து அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. ஏழு மாதத்தில் அவளாக அவனைத் தொட்டது அதுதான். "நான்தாங்க," என்றாள். "டாக்டர் என்ன சொன்னாலும் சரி, நான்தான் குடுத்தனுப்பினேன்."

நீங்க பாவம் என்ற சொல் அவனுக்குள் இறங்கி எங்கோ குத்தியது. அவள் ஏன் இரவுகளில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள், ஏன் அவன் முகத்தைப் பார்த்துச் சாப்பிட உட்காரவில்லை என்பதெல்லாம் இப்போது விளங்கியது. அவள் தன்னைச் சந்தேகிக்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்க வழி தெரியாமல் இருந்திருக்கிறாள்.

அவன் வாயை மூடிக்கொண்டால் போதும். அவள் கையைத் தட்டிக் கொடுத்து, விடும்மா, நடந்தது நடந்துபோச்சு என்று சொன்னால் போதும். அவள் அதை நன்றியோடு வாங்கிக்கொள்வாள். வாழ்நாள் முழுக்க நல்லவனாக இருந்துவிடலாம். அந்த யோசனை வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வந்து, ஒரு கணம் உட்கார்ந்தும் பார்த்தது. அவன் தொட்டியைப் பார்த்தான். முப்பத்து மூன்று பைகள், முப்பத்து மூன்றும் தட்டை. அவளும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் கண்ணில் அது படவில்லை. கடைச் சரக்கில் ஒரு மாத்திரை அட்டை மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிறவள். தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டவளுக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

"கதவு திறந்திருந்தா," என்றான். ஃப்ரீசரைக் காட்டி மறுபடி சொன்னான். "கதவு திறந்திருந்தா, ஒண்ணு மட்டும் எப்பிடிம்மா உருகும்?"

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு மெல்லத் தொட்டியின் பக்கம் திரும்பினாள். இன்னொரு கையின் விரல், அடுக்கி வைத்த பைகளின் விளிம்புகள் மேல், முன்னாலிருந்து பின்னால்வரை ஊர்ந்து போனது. நேராக இருந்தன. சில இப்போதுதான் இளகத் தொடங்கியிருந்தன.

"அப்புறம் எப்பிடி?"

"இருபத்தெட்டாந் தேதி," என்றான். "லிஃப்ட்ல ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டான்னு கூப்பிட்டாங்க. போயிட்டேன். பெட்டி ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுது. ஆஸ்பத்திரில வாங்கல. கொட்டச் சொன்னாங்க. எனக்கும் மனசு வரல. நான்தான் கொண்டுவந்து திரும்ப வச்சேன். உன்கிட்ட குடுத்துட்டேன்னு சொன்னேன்."

ஃப்ரீசரின் கூரையில் மிச்சமிருந்த நீர் ஒரு சொட்டாகத் திரண்டு, பாத்திரத்தில் விழுந்தது. இன்னொன்று திரண்டது. அவன் தலையைத் தூக்கவில்லை. அவள் கை அவன் மணிக்கட்டின் மேலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. இத்தனை நேரம் ஐஸ் தொட்ட கை, மரத்துப்போய்ச் சில்லென்று இருந்தது. அந்தக் கையைப் பார்த்தபடி அவன் உட்கார்ந்திருந்தான்.